எல் போர்டு காரும் காப்பீட்டுப் பாலிசியும்: வாசகர் கேள்வி–பதில்

பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. கார் ஓட்டப் பழகும் மகனுக்கோ மகளுக்கோ வண்டியை யார் பெயரில் பதிவு செய்வது, காப்பீட்டை எப்படி எடுப்பது என்று இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், கேட்டவர் எந்த நாட்டவர் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மேஜையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். அதனால் வண்டி வாங்கும் நாளிலிருந்து யோசிக்காமல், விபத்து நடந்த மறுநாளிலிருந்து பின்னோக்கி யோசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் பதில்களில் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (இந்தியா): என் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்து, பழகுநர் உரிமமும் வாங்கிவிட்டாள். அவளுக்காகவே ஒரு கார் வாங்கப்போகிறோம். நிரந்தர உரிமம் இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அது உண்மையா? உண்மையில்லை என்றால் அவள் பெயரில் எடுப்பது நல்லதா, என் பெயரில் எடுப்பது நல்லதா?

பதில்: ஷோரூமில் சொன்னது சரியல்ல. வண்டிக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு, அதை ஓட்டத் தகுதி பெறுவது வேறு. சட்டம் இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், அவர் மைனராக இருந்தால் அவருடைய பாதுகாவலர் உரிமையாளராகக் கருதப்படுவார் என்றும் சொல்கிறது. மைனர் பெயரில்கூட ஒரு வண்டி இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எதிர்பார்த்திருக்கிறது என்றால், பதினெட்டு நிறைந்த உங்கள் மகளின் பெயரில் பதிவு செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

செய்யலாம் என்பதால் செய்துவிட வேண்டும் என்பதில்லை. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கில் அவரே உரிமையாளராக நிறுத்தப்படுவார். பாலிசியும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒரு சந்து இருக்கிறது. பாலிசியுடன் சேர்த்து எடுக்கும் 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவு பெற்ற உரிமையாளர் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டமோ 'ஓட்டுநர் உரிமம்' என்பதைப் பழகுநர் என்ற நிலையில் அல்லாமல் ஓட்டுவதற்குத் தரப்படும் உரிமம் என்றே வரையறுக்கிறது. ஆகவே எல்.எல்.ஆர். மட்டும் கையில் உள்ள உங்கள் மகள் உரிமையாளராகவும் ஓட்டுபவராகவும் இருந்து அவளுக்கே ஏதேனும் ஆனால், அந்தத் தொகையை மறுக்க நிறுவனத்துக்கு ஒரு வாதம் கிடைத்துவிடுகிறது. அந்த வாதம் நீதிமன்றத்தில் நிற்குமா விழுமா என்பது பிறகு. அப்படியொரு வழக்கை நடத்தும் நிலையில் எந்தத் தகப்பனும் இருக்க வேண்டாம்.

என் யோசனை இதுதான். வண்டியை இப்போது உங்கள் பெயரில் பதிவு செய்து, பாலிசியையும் உங்கள் பெயரில் எடுங்கள். பழகுநர் உரிமம் பெற்ற 30 நாட்களுக்குப் பிறகு நிரந்தர உரிமத்துக்கான ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அவள் தேர்வில் தேறி, சில மாதங்கள் ஓட்டிய பிறகு, வண்டி உண்மையிலேயே அவளுடையதுதான் என்று நீங்கள் முடிவு செய்தால் அப்போது பெயரை மாற்றுங்கள்.

மாற்றும்போது பாதியில் நிறுத்திவிடக் கூடாது. "வண்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று வீட்டில் சொல்வது சட்டத்தின் காதில் விழாது. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றைக் கொடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும் வரை நீங்கள்தான் உரிமையாளர். கைமாறிப் போன வண்டியாக இருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மறுபக்கம், ஆர்.சி.யில் மகளின் பெயர் ஏறி, பாலிசியில் உங்கள் பெயரே தங்கிவிட்டால் இன்னொரு தொல்லை. மூன்றாம் நபர்களுக்கான பாதுகாப்பு வண்டியுடன் தானாகவே அவளுக்குப் போய்விடும். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் பல ஆண்டுகள் கிளைம் இல்லாமல் சேர்த்த நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது அன்று. ஆகவே அது உங்களிடமே நிற்கும். உங்கள் அடுத்த வண்டிக்கு நீங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், மகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவாள்.

கேள்வி (இந்தியா): எல்.எல்.ஆர். வைத்திருக்கும் என் தம்பி மகன் எங்கள் காரை ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது என்கிறார்கள். அப்படியானால் சொந்தக் காரில் யாருமே பழக முடியாதா?

பதில்: தாராளமாகப் பழகலாம். நம் நாட்டு கார் பாலிசிகளில் 'ஓட்டுநர்' என்ற தலைப்பின் கீழ் சில வரிகள் சிறிய எழுத்தில் இருக்கும். செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் உள்ளவரும் இந்த வாகனத்தை ஓட்டலாம், ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியை அவர் நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாலிசியை எடுத்து அந்த வரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வீண் பயம் போய்விடும்.

அந்த 3ஆம் விதி என்ன கேட்கிறது? ஓட்டப் பழகுபவருடன், உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்க்கும் மாமா இந்தக் கணக்கில் வரமாட்டார். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்புலத்தில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று அளவு முதற்கொண்டு விதியில் உண்டு. பின்கண்ணாடியில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பணம். விபத்தில் வெளியார் ஒருவர் பாதிக்கப்பட்டால், ஓட்டியவரிடம் பழகுநர் உரிமம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லி நிறுவனம் விலகிக்கொள்ள முடியாது. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங் என்ற வழக்கில் 2004 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, பழகுநர் உரிமமும் சட்டப்படி வழங்கப்பட்ட உரிமமே என்றும், அதை வைத்திருப்பவர் ஓட்டும்போது நேரும் விபத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கூறியது. உங்கள் சொந்த கார் நசுங்கியதற்கான கோரிக்கையில்தான் 3ஆம் விதி மேஜைக்கு வரும். பக்கத்தில் யார் இருந்தார், அவரிடம் உரிமம் இருந்ததா, எல் பலகை இருந்ததா என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார்.

அந்த இடத்தில்தான் நல்ல குடும்பங்களும் தடுமாறுகின்றன. என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பு இன்னும் மறக்கவில்லை. விபத்து நேரத்தில் ஓட்டியவர் தந்தை என்று படிவத்தில் இருந்தது. அவர் ஆறடிக்கு மேல் உயரம். சர்வேயர் எடுத்த புகைப்படத்திலோ ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டிக் கடைசிப் பல் வரை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. உள்கண்ணாடியும் தாழ்வாகத் திரும்பியிருந்தது. ஓட்டியது மகள். அவளிடம் முறையான எல்.எல்.ஆர். இருந்தது, தந்தை பக்கத்து இருக்கையில்தான் இருந்தார், எல் பலகையும் படத்தில் தெரிந்தது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கவேண்டிய கிளைம், பொய்யான தகவல் தந்ததற்காக மறுக்கப்பட்டது. மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் எழுதிய அந்த ஒரு பெயர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கேள்வி (இந்தியா): என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் பெயரில் பாலிசி எடுத்து, காலி மைதானத்துக்கும் தெருவுக்குமாகப் பழக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மைனர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த காலத்திலிருந்து இந்தியாவில் நிலைபெற்ற சட்டம். காப்பீடும் ஓர் ஒப்பந்தம்தான். காருக்கான பழகுநர் உரிமம் பதினெட்டு வயதுக்கு முன் கிடையாது. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டுமே பதினாறு வயதில் வழி உண்டு. 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உங்களுக்குத் தெரிந்துதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

கேள்வி (பிரிட்டன்): மகனுக்குப் பதினேழு ஆகிறது. அவன் பெயரில் விலைப்புள்ளி கேட்டால் கார் விலையையே கேட்கிறார்கள். என்னை முதன்மை ஓட்டுநராகவும் அவனைக் கூடுதல் ஓட்டுநராகவும் போட்டால் பாதியாகக் குறைகிறது. காரை அவன்தான் தினமும் எடுத்துப் போகப்போகிறான். எங்களுக்குத் தெரிந்த பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் என்ன தவறு?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "காரை அவன்தான் தினமும் எடுத்துப் போகப்போகிறான்." அதை நிறுவனத்திடமும் இதே சொற்களில் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்தக் குறைந்த விலைப்புள்ளி வந்திருக்காது. உண்மையான முதன்மை ஓட்டுநரை மறைத்து, அனுபவமுள்ள ஒருவரை முன்னால் நிறுத்துவதை அங்கே 'ஃப்ரண்டிங்' என்பார்கள். அது சாமர்த்தியம் அன்று, மோசடி.

பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், தவறான தகவல் தருபவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. கவனக்குறைவால் தவறாகச் சொன்னவர்களுக்கு விகிதப்படி குறைத்தாவது இழப்பீடு கிடைக்கலாம். தெரிந்தே சொன்னவர்கள் விஷயத்தில் நிறுவனம் பாலிசியை ஆதியிலிருந்தே இல்லாததாக ஆக்கி, எல்லாக் கோரிக்கைகளையும் மறுத்து, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். விபத்தில் காயமடைந்த மூன்றாம் நபருக்கு நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தால், அதைப் பின்னர் உங்கள் குடும்பத்திடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. காயம் பெரிதானால் தொகையும் பெரிது. நீங்கள் மிச்சம் பிடித்த பிரீமியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

மகனுக்கு வரும் கேடு இன்னும் கசப்பானது. காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கான நிலையான தண்டனை 300 பவுண்டும் உரிமத்தில் 6 புள்ளிகளும். தேர்வில் தேறிய முதல் 2 ஆண்டுகளுக்குள் ஒருவர் 6 புள்ளிகளை எட்டினால், 1995ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர்கள் சட்டப்படி உரிமம் ரத்தாகும். மறுபடியும் எல் பலகையை மாட்டிக்கொண்டு எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அப்பா போட்ட கணக்குக்குப் பிள்ளை தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

நேர்மையான வழிகளும் மலிவானவையே. அவன் பழகும் காலத்தில் தனி கார் தேவையில்லை. உங்கள் காரிலேயே பழகட்டும். அதற்கென்றே சில வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பழகுநர் பாலிசி விற்கிறார்கள். அது உங்கள் பாலிசியிலிருந்து தனியாக நிற்பதால், அவன் எங்காவது இடித்தால் பெரும்பாலும் உங்கள் நோ கிளைம் தள்ளுபடி தப்பும். வாங்கும் முன் இதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அருகில் உட்காருபவர் 21 வயதைக் கடந்தவராகவும், முழு உரிமம் பெற்று 3 ஆண்டுகள் ஆனவராகவும் இருக்க வேண்டும். நீங்களும் அவனும் உண்மையிலேயே மாறி மாறி ஓட்டி, அதிகம் ஓட்டுபவர் நீங்களாகவே இருந்தால், அவனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. பின்னாளில் அவனே முதன்மை ஓட்டுநரானால், வண்டியின் வேகத்தையும் பிரேக் பிடிக்கும் விதத்தையும் பதிவு செய்யும் கறுப்புப் பெட்டியைப் பொருத்தும் பாலிசிகளை விசாரியுங்கள். இளைஞர்களுக்கு அது கொஞ்சம் பிடிக்காது. தகப்பன்மார்களுக்கு மிகவும் பிடிக்கும்.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வி5சி என்ற பதிவுச் சான்று, வண்டியை வைத்துப் பராமரிப்பவர் யார் என்பதைத்தான் காட்டுகிறது. அது உடைமைக்கான ஆதாரம் இல்லை என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். யார் பெயரில் வி5சி இருக்கிறதோ, காப்பீடு விட்டுப்போனால் அவருக்குத்தான் கடிதம் வரும். வண்டி சும்மா நின்றாலும், சாலையில் இல்லை என்று முறைப்படி அறிவிக்காத வரை காப்பீடு இருந்தாக வேண்டும்.

கேள்வி (கலிபோர்னியா): மகளுக்குப் பதினைந்தரை வயதில் பழகுநர் பெர்மிட் கிடைத்திருக்கிறது. இன்னும் உரிமம் இல்லையே, இப்போதே காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா? பழைய காரின் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) அவள் பெயரையும் சேர்க்க நினைக்கிறோம்.

பதில்: சொல்ல வேண்டும், இன்றே. வீட்டில் ஓட்டும் வயதில் உள்ள எல்லோரையும் தெரிவிக்கும்படி அங்குள்ள பாலிசிகள் கேட்கின்றன. பெர்மிட் நிலையில் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை. உரிமம் வந்த பிறகே பிரீமியம் ஏறும். அதனால் சொல்லாமல் விடுவதில் உங்களுக்கு ஒரு காசு லாபமும் இல்லை. சிலர் கட்டணத்தைத் தவிர்க்கப் பிள்ளையை 'விலக்கப்பட்ட ஓட்டுநர்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பழகப்போகும் பிள்ளையை அப்படி எழுதிக் கொடுத்தால், அவள் ஸ்டியரிங்கைத் தொட்ட நிமிடம் அந்தக் கார் காப்பீடு இல்லாத காராகிவிடும்.

டைட்டிலில் அவள் பெயரைச் சேர்க்க அவசரம் வேண்டாம். அமெரிக்க மாநிலங்களில் மைனர் தான் செய்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள முடியும் என்பதால், மைனரின் பெயரில் தனிப் பாலிசி தர நிறுவனங்கள் தயங்குகின்றன. நீங்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். எப்படியும் சேர்ப்பதென்றால் இரண்டு பெயர்களுக்கு இடையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'அண்ட்' (மற்றும்) என்றோ சாய்கோடு என்றோ இருந்தால் விற்கும்போது இருவரும் கையெழுத்திட வேண்டும். 'ஆர்' (அல்லது) என்று இருந்தால் யாராவது ஒருவர் போதும். ஒரு சிறு சொல், பின்னாளில் அவள் வேறு ஊரில் படிக்கும்போது காரை விற்க நினைத்தால் பெரிதாகத் தெரியும்.

பெர்மிட் விண்ணப்பத்தில் நீங்கள் இட்ட கையெழுத்து வெறும் சம்மதக் கையெழுத்து அன்று. மைனர் ஓட்டி விளைவிக்கும் சேதத்துக்கான பணப் பொறுப்பில் நீங்களும் பங்கேற்கிறீர்கள் என்று அதற்குப் பொருள். ஆகவே பொறுப்புக் காப்பீட்டின் வரம்பைத்தான் முதலில் கூட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச வரம்பு ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தின் எல்லாக் காயங்களுக்கும் சேர்த்து 60,000, பொருட்சேதத்துக்கு 15,000. இது சட்டம் கேட்கும் தரைமட்டம்தான். ஒரு புதிய கார் முழுதாக நசுங்கினால் 15,000 எந்த மூலைக்கு? புது ஓட்டுநர் இருக்கும் வீட்டில் இந்த அளவோடு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மீதி விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இரவில் 10 மணி நேரம் உட்பட 50 மணி நேரப் பயிற்சி, குறைந்தது 6 மாதம் பெர்மிட், பக்கத்தில் 25 வயது நிறைந்த உரிமதாரர். அந்த மணி நேரங்களை ஒரு தாளில் நாள் வாரியாகக் குறித்துவையுங்கள்.

கேள்வி (ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ்): கார் பதிவுக்காக கிரீன் ஸ்லிப் எடுத்துவிட்டோம். பதினாறு வயது மகன் எல் பலகையுடன் ஓட்ட இதுவே போதாதா?

பதில்: ஓட்டுவதற்குப் போதும், இடிப்பதற்குப் போதாது. கிரீன் ஸ்லிப் என்பது மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கான கட்டாயக் காப்பீடு. எதிரே வந்த காரின் கதவுக்கோ, ஒருவர் வீட்டுச் சுவருக்கோ, உங்கள் காருக்கோ அதில் ஒரு சென்ட்டும் கிடையாது. குறைந்தபட்சம் பிறர் பொருட்சேதத்துக்கான காப்பீடு ஒன்றைத் தனியாக எடுங்கள். எடுக்கும்போது அவன் வயதைச் சொல்லி, பழகுநர் ஓட்டும்போது நேரும் சேதத்துக்கு எவ்வளவு தொகையை நீங்கள் முதலில் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் அவன் இரவு 20 மணி நேரம் உட்பட 120 மணி நேரம் பயின்றாக வேண்டும். அத்தனை நேரத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத் தூணையாவது தொடாமல் வருகிறவர்கள் குறைவு.

கேள்வி (மலேசியா): 'எக்ஸஸ்' என்ற சொல் பாலிசியில் பல இடங்களில் வருகிறது. புது ஓட்டுநருக்கு இது அதிகம் என்கிறார்கள். அது என்ன?

பதில்: ஒவ்வொரு கிளைமிலும் உங்கள் பையிலிருந்து முதலில் போக வேண்டிய தொகை அது, அதற்கு மேற்பட்டதைத்தான் நிறுவனம் தரும். மலேசியாவில், ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ, எல் (பழகுநர்) அல்லது பி (புது ஓட்டுநர்) உரிமம் மட்டும் உள்ளவராகவோ, பாலிசியில் பெயர் குறிக்கப்படாதவராகவோ இருந்தால் 400 ரிங்கிட் கட்டாய எக்ஸஸ் உண்டு. பிரீமியத்தைக் குறைப்பதற்காக எக்ஸஸைத் தாமாகவே கூட்டிக்கொள்ளும் வழியும் பல நாடுகளில் இருக்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு நான் அதைச் சொல்வேன். பழகும் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். இந்த வயதில் நேர்வதெல்லாம் பம்பர், கண்ணாடி, பக்கவாட்டுக் கீறல் போன்ற சிறு சேதங்கள். எக்ஸஸ் பெரிதாக இருந்தால் அவை எல்லாமே அதற்குள் அடங்கி, பாலிசி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேள்வி (அயர்லாந்து): பெண்பிள்ளைகள் நிதானமாக ஓட்டுவார்கள் என்பதால் பிரீமியம் குறைவு என்று கேள்விப்பட்டோமே, எங்கள் மகளுக்கு அப்படித் தரவில்லை.

பதில்: ஒரு காலத்தில் தந்தார்கள். ஆண், பெண் என்ற வேறுபாட்டை வைத்துக் கட்டணம் வகுப்பது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்சில் கூறியது. 2012 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தச் சலுகை நின்றுவிட்டது. வயது, அனுபவம், வண்டியின் இன்ஜின் அளவு, இரவில் வண்டி நிற்கும் இடம் ஆகியவை இன்னும் கணக்கில் உண்டு. சிறிய இன்ஜின் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் கையில் உள்ள நல்ல வழி.

கேள்வி (கனடா, ஒன்டாரியோ): மகன் ஜி1 என்ற பழகுநர் உரிமம் வைத்திருக்கிறான். இதுவரை காப்பீட்டு நிறுவனம் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஜி2 தேர்வு. அதற்குப் பிறகு பாலிசியைப் புதுப்பிக்கும்போது சொன்னால் போதுமா?

பதில்: புதுப்பிக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஜி1 காலத்தில் உரிமம் பெற்று 4 ஆண்டுகள் ஆன ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கார் ஒரு பெரியவரின் கண்பார்வையில் ஓடுகிறது. ஜி2 வந்த அன்று அவன் தனியாக ஓட்ட முடியும். நிறுவனம் விலை வைத்த நிலைமை அன்றே மாறிவிடுகிறது. பாலிசி ஆண்டின் நடுவில் வரும் இத்தகைய மாற்றத்தை உடனே தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. உங்கள் மாநிலத்தில், உங்கள் சம்மதத்துடன் வேறொருவர் காரை ஓட்டி விளைவிக்கும் இழப்புக்கு உரிமையாளரும் பொறுப்பு. கார் உங்கள் பெயரில் இருக்கும் வரை, அவன் வளர்ந்துவிட்டான் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

தேர்வுக்கு முந்தைய வாரமே தொலைபேசியில் பேசி, தேறினால் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கூடும் என்று கேட்டு, அதை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். இதே கேள்வியைப் பிரிட்டனிலிருந்து எழுதிய இன்னொருவரும் கேட்டிருக்கிறார். அவருக்கு இது இன்னும் அவசரம். அங்கே விற்கும் பழகுநர் பாலிசிகளில் பல, பிள்ளை தேர்வில் தேறிய கணத்திலேயே முடிந்துவிடும். தேர்வாளர் கைகுலுக்கிவிட்டு இறங்கும்போது காருக்குள் இருப்பவர் பழகுநர் அல்லர் என்பதால் அவருக்கான பாதுகாப்பும் இல்லை. புதிய பாலிசி தொடங்கும் வரை, தேர்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டியரிங்கை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பாக, அந்தக் காரை ஓட்ட உங்கள் பெயர் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.